ஈயம் கலவாத வேட்டை

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் ஈய நஞ்சுக்கு அஞ்சிச் செம்புத் தோட்டாவுக்கு மாறும் மேலைநாட்டு வேட்டைக்காரர்கள், அதே விட்டத்தில் எடை குறைந்ததையே பெரும்பாலும் தேர்கிறார்கள். அந்தமான் பழங்குடியினரின் மரபு வேட்டையிலோ ஈயத்துக்கு இடமில்லை. கரைதட்டிய கப்பல்களின் இரும்பு அவர்களுக்கு அம்புமுனையானது. 1981இல் அந்தமானின் வட சென்டினல் தீவில் சிக்கிய பிரிம்ரோஸ் கப்பலின் இரும்பும் அவ்வாறே பயன்பட்டது. இரைக்கேற்ற முனை என்பதில் அவர்களும் கறாரானவர்களே. மீனுக்கு ஒல்லியான கூர்முனை போதும். பன்றிக்கு அகன்ற அலகு வேண்டும். அந்தமான் பழங்குடிகளுள் ஒன்றான பெரிய அந்தமானியரின் பன்றி அம்பை மானுடவியலாளர் ராட்க்ளிஃப் பிரவுன் 1922இல் வெளியான நூலில் விவரித்திருக்கிறார். அதன் முனை தண்டில் செருகப்பட்டு, கயிற்றாலும் பிணைக்கப்பட்டிருக்கும். தைத்ததும் முனை கழன்று உடலில் தங்கும். பன்றி ஓட ஓட, பின்னால் இழுபடும் தண்டு புதரில் மாட்டி அதை நிறுத்திவிடும். பாதி வேலையைக் காடே முடித்துத் தருகிறது. வேகத்தை மட்டும் நம்பும் துப்பாக்கிக்கு இந்தச் சாமர்த்தியம் ஏது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடெங்கும் வேட்டையைக் கட்டுப்படுத்தியபோதும், அந்தமானை அடுத்த நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினரது வேட்டையுரிமையை அதன் 65ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது.