பூட்ஸுக்கு ஏன் நாடா இல்லை?



ரோடியோ மாதம் நெருங்கினால் ஹூஸ்டன் பள்ளிகளில் நம் பிள்ளைகளும் கௌபாய் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒடுங்கிய முனை, உயர்ந்த குதி, பக்கமெல்லாம் பூத்தையல். பார்த்தால் வெறும் அலங்காரம் என்றே தோன்றும். அந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சஸில் மாடுகள் ஏராளம், வாங்கத்தான் ஆளில்லை. வடக்கே கான்சாஸில் ரயில் ஏற்றும் இடம்வரை ஓட்டிப்போனால் நல்ல விலை. 1867 முதல் அபிலீன் ஊருக்கு மந்தைகள் போயின. வாரக்கணக்கில் குதிரைமேல் பிழைப்பு. கூலிக்குப் போனவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள். மெக்சிகோக்காரர்களும், அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுதலையான கறுப்பினத்தவரும் அவர்களில் நிறையப் பேர். சினிமா இவர்களைப் பெரும்பாலும் காட்டவில்லை.

குதிரை மிரண்டு கீழே தள்ளினால் எழுந்துகொள்ளலாம். ஒரு கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டு இழுபட்டுப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த உயர்ந்த, உள்பக்கம் சரிந்த குதி, பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்துவிடாமல் தடுக்கும். அடித்தோல் வழவழப்பாக இருப்பதால் கால் சட்டென்று வெளியே வரும். நாடா கிடையாது, பூட்ஸும் கொஞ்சம் தளர்வு. அப்படியே மாட்டிக்கொண்டாலும் பூட்ஸ் அங்கே தொங்கட்டும், கால் தப்பட்டும்! உயரமான பக்கத்தோல், நம் ஊர் சீமைக் கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் முள்ளிலிருந்து காலைக் காக்க. பூத்தையல்கூட முதலில் அந்தத் தோல் மடிந்து சரியாமல் விறைப்பாக நிற்கத்தான். ஊசிபோன்ற முனை மட்டும் பிற்காலத்து நாகரிகம்.

1879-ல் எச். ஜே. ஜஸ்டின் என்பவர் ரெட் ரிவர் ஓரம் ஸ்பானிஷ் ஃபோர்ட் என்ற சிற்றூரில் கடை போட்டார். வடக்கே மாடு ஓட்டிப்போகிறவர்கள் போகும்போது அளவு கொடுத்து, திரும்பும்போது பூட்ஸை வாங்கிக்கொள்வார்கள். ரயில் வந்ததும் 1889-ல் பக்கத்து நொகோனாவுக்குக் கடை மாறியது. வீட்டிலேயே அளவெடுத்துத் தபாலில் அனுப்பும் வசதியையும் அவர் கொண்டுவந்தார்.

எங்களுக்கு அதிகம் பிடித்தது அவருடைய மகள் ஈனிட். 1925-ல் சகோதரர்கள் தொழிலை ஃபோர்ட் வொர்த் நகருக்குக் கொண்டுபோனபோது, அப்பாவின் தொழில் நொகோனாவில்தான் இருக்கவேண்டும் என்று அவர் தங்கிவிட்டார். வங்கியில் 5,000 டாலர் கடன், உடன் நின்ற சில தொழிலாளிகள். அவ்வளவுதான் முதல். அந்த நொகோனா பூட் கம்பெனியை 1981 வரை நடத்தினார். பிறகு அது சகோதரர்களின் கம்பெனியோடு சேர்ந்தது. 1999-ல் நொகோனா தொழிற்சாலையும் மூடப்பட்டது.

இந்த வருடம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புது பூட்ஸில் நடக்கும்போது குதிகால் லேசாக ஏறி இறங்கும். அளவு தவறு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அடித்தோல் வளையப் பழகியதும் அது குறைந்துவிடும். மழைநாளில் கடைத் தளத்தில் மட்டும் பார்த்து நடங்கள், நன்றாக வழுக்கும்.