நரம்புக்குச் சாதி உண்டோ?

கலையுலகில் சுவர் எழுப்புவோர்க்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. இது உயர்ந்தது, அது தாழ்ந்தது. இது அரங்கிற்குரியது, அது சந்தைக்குரியது என்று கோடு கிழித்து, அக்கோட்டின் அருகே காவல் நிற்பதையே கலைத்தொண்டு எனக் கருதுவோர் பலர். அவர்களின் காவலுக்கு இரையானவற்றுள் முற்போக்கு ராக் இசையில் இடம்பெற்ற செவ்வியல் கித்தார்ப் படைப்புகளும் அடங்கும். அவற்றைப் 'போலிச் செவ்வியல்' என்று ஒரு சாரார் இகழ்ந்தனர். 'ராக் இசைக்கு ஒவ்வாத பகட்டு' என்று மற்றொரு சாரார் எள்ளினர். இரு சாராரும் இழைத்த பிழை ஒன்றே: செவியால் கேட்க வேண்டியதைப் பெயர்ப்பலகையால் அளந்தனர்.

முற்போக்கு ராக் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றி, 1970களின் முற்பாதியில் உச்சம் கண்ட இசைவகை. மூன்று நிமிடக் காதற்பாட்டு என்னும் வரம்பை அது உடைத்தது. ஒரே படைப்பு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும் அளவிற்கு நீண்டதும் உண்டு. தாளம் இடையிடையே மாறியது; மின்விசைக் கருவிகள் பெரும் பல்லியம்போல் முழங்கின. அம்முழக்கத்தின் நடுவே, ஒரே கலைஞர் மின்னிணைப்பில்லாத ஒரு கித்தாரை ஏந்தித் தனியே மீட்டும் சிறு பகுதிகளும் ஒலித்தன. இங்கே வழக்கு அவற்றைப் பற்றியது.

'யெஸ்' குழுவினர் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஃபிராஜைல்' இசைத்தட்டில் ஒன்பது உருப்படிகள் உள்ளன. நான்கு, குழுவாகப் படைத்தவை. எஞ்சிய ஐந்தும் ஐந்து உறுப்பினரும் ஆளுக்கொன்றாக அமைத்தவை. கித்தார்க் கலைஞர் ஸ்டீவ் ஹவ் தம் பங்காக அளித்தது 'மூட் ஃபார் எ டே'. மூன்று நிமிட அளவே நிகழும் இப்படைப்பில், ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசையின் சாயலில் விரல்கள் நரம்புகளை விசிறியடிக்கும் இடமும் உண்டு. மேல் நரம்புகளும் கீழ் நரம்புகளும் இரு குரல்களாகப் பிரிந்து உரையாடும் இடமும் உண்டு. பாடுவோர் இல்லை, தாளக்கருவி இல்லை. பத்து விரல்களும் ஆறு நரம்புகளுமே அங்குள்ளவை.

அடுத்த ஆண்டு, 1972இல், 'ஜெனிசிஸ்' குழுவின் 'ஃபாக்ஸ்ட்ராட்' வெளிவந்தது. அதன் இரண்டாம் பக்கம் ஸ்டீவ் ஹாக்கெட் இயற்றிய 'ஹொரைசன்ஸ்' என்னும் தனிக் கித்தார்ப் படைப்புடன் தொடங்குகிறது. ஜோகன் செபாஸ்டியன் பாக் 1720ஆம் ஆண்டளவில் தனிச் செல்லோவுக்கு இயற்றிய முதல் தொகுப்பின் முன்னிசையே இதற்கு வித்து. இரண்டு நிமிடமும் நிரம்பாத இதனைத் தொடர்ந்து, ஏறத்தாழ இருபத்து மூன்று நிமிடம் நீளும் 'சப்பர்ஸ் ரெடி' எழுகிறது.

இத்தகைய படைப்புகள் மீது சாட்டப்படும் முதற் குற்றம், அவை இசைத்தட்டின் இடத்தை நிரப்பவே வந்தவை என்பது. நீளத்தைக் கொண்டு தகுதியை அளப்போர்க்கு வேறு எப்படித் தோன்றும்? மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பதை அவர்கள் மறந்தனர். 'ஹொரைசன்ஸ்' இல்லாமல் 'சப்பர்ஸ் ரெடி'யைக் கேட்பது, முற்றத்தைக் கடவாமல் நேரே கூடத்தில் போய் விழுவது போன்றது. அது கேட்போரின் மூச்சைச் சீராக்கி, செவியைக் கூர்மையாக்கிய பின்னரே பெரிய படைப்பின் வாயில் திறக்கிறது. பெரியதைத் தனித்துக் கேட்டுச் சிறியதைத் தள்ளுவோர் பெரியதையும் முழுமையாகக் கேட்டவர் ஆகார்.

இரண்டாம் குற்றச்சாட்டு, இவை கடன் வாங்கியவை என்பது. பாக்கின் செல்வத்தை எடுத்துத் தம் பெயரில் விற்றனராம் ராக் கலைஞர்! கடன் வாங்குதல் குற்றமெனில் முதலில் கூண்டில் ஏற வேண்டியவர் பாக்கே. இத்தாலியரான விவால்டியின் இசைக்கோவைகள் பலவற்றை விசைக்கருவிகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்தவர் அவர். செவ்வியல் கித்தாரின் பேராசானான ஆண்ட்ரஸ் செகோவியா 1935ஆம் ஆண்டு பாரிசு நகர அரங்கில் வாசித்துப் புகழ் கொண்ட 'சக்கோன்', பாக் தனி வயலினுக்கு இயற்றியது. கித்தாருக்கு இயற்றியது அன்று. அதனைக் கித்தாருக்கு மாற்றியது கலையாம். செல்லோவின் முன்னிசையில் கருக்கொண்டு புதியதொன்றை இயற்றியது களவாம். இது எவ்வூர் நீதி?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. 'ஜெத்ரோ டல்' குழுவினர் 1969ஆம் ஆண்டு, பாக் லூட் கருவிக்காக எழுதியதாகக் கொள்ளப்படும் தொகுப்பிலுள்ள 'பூரே' என்னும் பகுதியைப் புல்லாங்குழலில் இசைத்தனர். உயர்ந்ததைத் தெருவுக்கு இழுத்து வந்தனர் என்று முகம் சுளித்தோர், 'பூரே' என்பது யாது என்று கேட்டிருக்க வேண்டும். அது பிரெஞ்சு நாட்டுப்புற மக்கள் ஆடிய ஆடல். களத்துமேட்டிலிருந்து அரண்மனைக்கும், அங்கிருந்து பாக்கின் ஏட்டிற்கும் சென்றது, மீண்டும் மக்கள் கூட்டத்தை வந்தடைந்தது. சென்ற பயணத்தைப் போற்றுவோர் திரும்பிய பயணத்தைத் தூற்றுவது என்ன முறை?

மூன்றாம் குற்றச்சாட்டு மரபு பற்றியது. ராக் கலைஞர் முறையாகப் பயின்றவர் அல்லர். அவர்தம் கருவியும் கையும் மரபுக்குப் புறம்பானவை என்பர். செகோவியாவே தமக்குத் தாமே ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டவர். கருவியின் மரபைப் பார்ப்போம். செவ்வியல் கித்தாரின் அடையாளமாக இன்று கருதப்படும் நைலான் நரம்பு, ஆலையில் பிறந்த செயற்கை இழை. விலங்கின் குடல் நரம்புக்கு மாற்றாக அது புழக்கத்திற்கு வந்தது 1940களில்தான். மின்கித்தாரோ 1930களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆக, 'தொன்மை' என்று தலைமேல் தூக்கி வைக்கப்படும் நரம்பு, 'புதுமை' என்று புறந்தள்ளப்படும் கருவிக்கு இளையது! மரபு என்பது பிறப்புச் சான்றிதழ் அன்று, பழக்கத்தால் விளைவது. இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பதை மொழி கற்பிப்போர்க்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

செகோவியாவின் வாழ்வே இங்கு ஒரு பாடம். மதுக்கடைக் கருவி என்று இகழப்பட்ட கித்தாரை அவர் இசையரங்கில் அமர்த்தினார். அதற்காக வாழ்நாள் முழுதும் போராடினார். அவரே மின்கித்தாரை ஏற்க மறுத்தார். அரும்பாடுபட்டு அடைந்த இடத்தைக் காக்க விழைந்த அவரது அச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும், வாயிலில் நிறுத்தப்பட்டவரே பின்னாளில் வாயில் காப்போராவது கலை வரலாற்றின் தீராத முரண்.

ராக் உலகிலிருந்து எழுந்த எதிர்ப்பும் இதே தன்மையது. 1976, 1977ஆம் ஆண்டுகளில் பங்க் இசை எழுச்சி பெற்றபோது, முற்போக்கு ராக் ஆடம்பரத்தின் சின்னமாகத் தாக்கப்பட்டது. ராக் என்றால் கிளர்ச்சி; கிளர்ச்சிக்கு மென்மை எதற்கு என்றனர். அத்தாக்குதலில் உண்மை அறவே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. அவ்விசையில் வெற்று முழக்கமும் இருந்தது. திறமையைக் கடைவிரித்துக் காட்டிய வீண் நீளமும் இருந்தது. ஆனால் அக்குற்றம் தனிக் கித்தார்ப் படைப்புகளைச் சாராது. அங்கே மறைந்துகொள்ள முழக்கம் இல்லை. ஒரு விரல் தவறினாலும் அனைவரும் அறிவர். பேரொலிக்காகத் திரண்ட ஆயிரக்கணக்கானோர் முன் ஒற்றைக் கித்தாருடன் அமர்ந்து, அவர்களை அமைதியால் ஆள்வதைவிடப் பெரிய கிளர்ச்சி எது?

காலமும் தன் தீர்ப்பை எழுதியுள்ளது. ஸ்டீவ் ஹவ் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட தனி இசைத்தட்டில் விவால்டியின் இசைக்கோவை ஒன்றின் இரண்டாம் பகுதி இடம்பெற்றது. ஹாக்கெட், 1983ஆம் ஆண்டு 'பே ஆஃப் கிங்ஸ்' என்னும் இசைத்தட்டைச் செவ்வியல் கித்தாருக்கே உரியதாக்கினார். 1997ஆம் ஆண்டு ராயல் ஃபில்ஹார்மோனிக் பல்லியக் குழுவுடன் இணைந்து 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' படைப்பை வெளியிட்டார். எதிர்த்திசையிலிருந்தும் ஒருவர் வந்தார். செகோவியாவிடம் பயின்ற ஜான் வில்லியம்ஸ், 'ஸ்கை' என்னும் ராக் குழுவில் சேர்ந்தார். பாக்கின் 'டொக்காட்டா'வை அக்குழு மின்கருவிகளுடன் இசைத்து, 1980ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் முன்னணி பெற்றது. 1984ஆம் ஆண்டு அவர் குழுவை நீங்கிச் செவ்வியல் அரங்கிலேயே தொடர்ந்தார். அவர் கையின் மாண்பு குன்றியதா? இல்லை.

எனவே படைப்பை அளக்கும் அளவுகோல் எளியது. முழக்கத்தை நீக்கு, புகழை நீக்கு, இசைத்தட்டின் உறையையும் மறை. ஒரு மாணவன் ஒரு மூலையில் ஒரு கித்தாருடன் அமர்ந்து வாசிக்கும்போது, அப்படைப்பு தன் காலில் நிற்கிறதா? 'ஹொரைசன்ஸ்' நிற்கிறது, 'மூட் ஃபார் எ டே' நிற்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் கித்தார் பயிலும் இளைஞர் அவற்றைத் தேடிக் கற்கின்றனர். வேறு சான்று எதற்கு?

ஆசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. ஓர் இளைஞன் தான் விரும்பிய இசையைக் கொண்டுவந்து காட்டும்போது, 'இது எவ்வகை' என்று கேட்பது எளிது. 'இதில் உனக்குப் பிடித்த இடம் எது' என்று கேட்பதே கல்வி. முதற்கேள்வி அவன் வாயை அடைக்கும். இரண்டாம் கேள்வியோ 'ஹொரைசன்ஸ்' வழியே அவனைப் பாக்கிடம் அழைத்துச் செல்லும். 'மூட் ஃபார் எ டே' வழியே ஃபிளமெங்கோ கலைஞரிடம் கொண்டு சேர்க்கும். சுவருக்கு அப்பால் செல்ல அவனுக்குக் கிடைத்த வாயிலையே அடைத்துவிட்டு, இளைய தலைமுறைக்கு நல்லிசையில் நாட்டமில்லை என்று புலம்புவதால் பயன் என்ன?

நரம்பு குடலாயினும் நைலானாயினும் எஃகாயினும், அதற்குச் சாதி இல்லை. சாதி பார்ப்பது செவியும் அன்று. செவிக்கு முந்திக்கொண்டு தீர்ப்பெழுதும் செருக்கே. அச்செருக்கை அகற்றிவிட்டுக் கேட்போர்க்கு, அந்த இரண்டு நிமிட இசையும் போதும்.