யாருக்கு வக்காலத்து?

போன மாசம் என் பைக்குக்கு ரோட் டாக்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மலேசியாவில் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டாக்ஸ் கிடையாது. வழக்கமான இன்சூரன்ஸும் எடுக்கலாம், இஸ்லாமிய முறையில் நடக்கிற 'தகாஃபுல்' காப்பீடும் எடுக்கலாம். தகாஃபுல் எடுக்க முஸ்லிமாகத்தான் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. என் ரூம்மேட் கீழக்கரைக்காரன். "எடுத்துதான் பாரேன்டா, உன் சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்றான். எடுத்தேன்.

கையெழுத்துப் போடுற இடத்துக்கு மேல ஒரு வாக்கியம் இருந்தது. அதோட சாரம் இதுதான்: 'என் பணத்தை நிர்வாகம் செய்ய இந்தக் கம்பெனியை என் வகீலாக நியமிக்கிறேன். அதற்குக் கூலியாக இத்தனை சதவீதம் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.'

வகீல்! நம்ம ஊர் கோர்ட்டு வாசல்ல கறுப்பு கோட்டு போட்டு நிக்கிற அதே வக்கீல்தான். அரபியில் 'வகாலா' என்றால் ஒருத்தர் சார்பில் இன்னொருத்தர் காரியம் பார்ப்பது. அதுதான் நம்ம கிட்ட வந்து வக்காலத்து ஆச்சு. 'அவனுக்கு ஏன்டா நீ வக்காலத்து வாங்குறே'ன்னு ஸ்கூல் படிக்கும்போது சண்டை போட்டப்பல்லாம் நான் அரபி பேசிட்டு இருந்திருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது :-)

படிக்கிறது ஆக்சுவரியல் சயின்ஸ் என்பதால் இந்த ஒரு வாக்கியத்தை விட முடியவில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் யாரும் இல்லை. ஆனா பணம் கட்டினவன் என்ற முறையில் கருத்து சொல்லலாம் இல்லையா?

முதல்ல அடிப்படை. வழக்கமான இன்சூரன்ஸில் நாம் கட்டும் பிரீமியம் கம்பெனியின் பணம். விபத்து நடந்தால் கொடுப்பது அவர்கள் பொறுப்பு, நடக்காவிட்டால் மிச்சம் அவர்கள் லாபம். இதில் நிச்சயமின்மை (கரர்) அதிகம், சூதின் சாயல் இருக்கு, போதாக்குறைக்குப் பணத்தை வட்டியில் போடுகிறார்கள் என்பது மார்க்க அறிஞர்களின் ஆட்சேபம். 1985-ல் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி வணிக இன்சூரன்ஸ் கூடாது, கூட்டுறவு முறையில் ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கொள்ளும் காப்பீடுதான் சரி என்று தீர்மானம் போட்டது.

அந்த மாற்று வழிதான் தகாஃபுல். எல்லாரும் ஒரு பொது நிதியில் நன்கொடையாக (தபர்ரு) பணம் போடுகிறோம். யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அந்த நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். நஷ்டம் நமக்குள் பகிரப்படுகிறது. மிச்சம் இருந்தால் அதுவும் நம்முடையது. கம்பெனி அந்த நிதிக்கு முதலாளி இல்லை, நமக்காகக் கணக்குப் பார்க்கிற ஆள். அதற்குக் கூலி வாங்கிக்கொள்கிறது. அந்தக் கூலிக்காரனுக்கும் நமக்கும் உள்ள ஒப்பந்தம்தான் வகாலா.

இந்த இடத்தில்தான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார்.

அப்பா எல்.ஐ.சி ஏஜென்ட். இருபத்தைஞ்சு வருஷமா அதே டி.வி.எஸ் 50, அதே ரெக்சின் பை. ஊர்ல எல்லாரும் அவரை 'நம்ம ஏஜென்ட்'னுதான் சொல்வாங்க. சட்டப்படி பார்த்தா அவர் கம்பெனியோட ஏஜென்ட். கம்பெனிதான் அவருக்குக் கமிஷன் கொடுக்குது. ஆனா பக்கத்துத் தெருவுல ஒருத்தர் திடீர்னு போய்ச் சேர்ந்தப்போ, அந்தம்மாவுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கி, படிவம் நிரப்பி, நாலு தடவை பஸ் ஏறி பிராஞ்ச் ஆபீஸுக்குப் போய் நின்னது அப்பாதான். அதுக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. காகிதத்துல அவர் கம்பெனி ஆளு. நடத்தையில நம்ம ஆளு.

வகாலா முறையில் இது தலைகீழ். கம்பெனி முழுசுமே என் ஏஜென்ட். முதலாளி நான். கேட்கவே எவ்வளவு நல்லா இருக்கு! கேள்வி என்னன்னா, காகிதத்தில் என் ஆளாக இருக்கும் கம்பெனி நடத்தையிலும் என் ஆளாக இருக்கிறதா?

கொஞ்சம் வரலாறு சொல்லிடறேன். முதல் தகாஃபுல் கம்பெனி 1979-ல் சூடானில் தொடங்கினது. மலேசியா 1984-ல் தகாஃபுலுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. ஆரம்பத்தில் இங்கே நடந்தது முளாரபா முறை. அதாவது ஒருத்தர் முதல் போட, இன்னொருத்தர் உழைக்க, லாபத்தில் ஆளுக்கு இவ்வளவு. இதில் ஒரு சிக்கல். நன்கொடைப் பணத்தில் எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது 'லாபம்' ஆகுமா? வியாபாரமே நடக்கலையே, எதில் பங்கு கேட்கிறாய் என்று அறிஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் வகாலா வந்தது. பங்கு வேண்டாம், வேலைக்குக் கூலி வாங்கிக்கோ, எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்லிடு. இன்றைக்கு மலேசியாவில் பரவலாக இருப்பது வகாலாவும், வகாலாவையும் முளாரபாவையும் கலந்த முறைகளும்தான்.

இதில் நல்லது என்னவோ அதைச் சொல்லிவிட வேண்டும். நான் கட்டும் பணத்தில் கம்பெனி தனக்கென்று எவ்வளவு எடுக்கிறது என்பது என் படிவத்தில் எண்ணாக இருக்கிறது. சாதாரண வண்டி இன்சூரன்ஸில் இப்படி யாராவது சொல்லி நான் பார்த்ததில்லை. என் நிதியும் பங்குதாரர் பணமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது 2013-ம் வருட இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டத்தின் விதி. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

இப்போ வக்காலத்தின் இலக்கணத்துக்கு வருவோம். ஃபிக்ஹ் நூல்களில் மூணு விஷயம் திரும்பத் திரும்ப வருது. ஒண்ணு, வகீல் என்பவர் அமானிதம் காப்பவர். அலட்சியமோ மோசடியோ பண்ணினால் ஒழிய நஷ்டத்துக்கு அவர் பொறுப்பில்லை. ரெண்டு, கூலி உண்டென்றால் அது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். மூணு, நியமித்தவர் நினைத்தால் பொதுவாக நீக்கிவிடலாம். நம்ம 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும், அதை அடியொற்றி எழுதப்பட்ட மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டத்திலும் ஏஜென்சி பற்றிய பகுதியில் ஏறக்குறைய இதே சங்கதிகள்தான் இருக்கு. எந்த ஊரா இருந்தாலும் ஏஜென்ட் ஏஜென்ட்தான்.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ரூம்மேட்தான் சொன்னான். நபிகள் நாயகம் உர்வா என்ற தோழரிடம் ஒரு தீனார் கொடுத்து ஒரு ஆடு வாங்கி வரச் சொல்கிறார். அவர் சாமர்த்தியசாலி. அந்த ஒரு தீனாருக்கு ரெண்டு ஆடு வாங்குகிறார். அதில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்கிறார். ஒரு ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைக்கிறார். நபிகள் அவருக்காகப் பிரார்த்தனை செய்கிறார். புகாரி தொகுப்பில் வருகிற சம்பவம்.

கவனிங்க மக்களே, மிச்சமான அந்தத் தீனார் யார்கிட்ட போச்சு? ஆடு வாங்க அனுப்பினவர்கிட்ட.

இப்ப தகாஃபுல் நிதிக்கு வருவோம். கணக்குக்காக ஒரு உதாரணம். நூறு ரிங்கிட் கட்டுகிறேன். முப்பதைக் கம்பெனி கூலியாக எடுத்துக்கொள்கிறது. எழுபது பொது நிதிக்குப் போகிறது. வருஷக் கடைசியில் எல்லாருக்கும் கொடுத்தது போக என் பங்குக்கு இருபது மிஞ்சுகிறது. உர்வா கணக்குப்படி இந்த இருபதும் எனக்கோ நிதிக்கோ சேரணும். ஆனா மலேசியாவில் கம்பெனிகள் இதிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. 'நிதியை நல்லா நிர்வாகம் பண்ணினதுக்கு ஊக்கத்தொகை' என்று காரணம். பஹ்ரைனில் இருக்கும் ஆயோஃபி என்ற தர நிர்ணய அமைப்பு, உபரியில் கம்பெனிக்குப் பங்கு கிடையாது என்கிறது. சவூதியில் 2004-ல் வந்த கூட்டுறவு இன்சூரன்ஸ் விதிகளோ உபரியில் 10 சதவீதம் பாலிசிதாரருக்கு, 90 சதவீதம் பங்குதாரர் கணக்குக்கு என்று வைத்தன. கூட்டுறவு என்று பெயர் வைத்துவிட்டு 90 சதவீதமா என்று எனக்குத் தலை சுற்றியது.

ரூம்மேட்டிடம் சண்டைக்குப் போனேன். அவன் சும்மா விடுவானா? அதே புகாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தான். இப்னு அப்பாஸ் சொன்னதாக வருவது: இந்தத் துணியை இந்த விலைக்கு வித்துக் கொடு, அதுக்கு மேல கிடைக்கிறது உனக்கு என்று ஒருத்தர் சொன்னால் அதில் தப்பில்லை. "அப்ப ஊக்கத்தொகை கூடும்தானே?" என்றான்.

ராத்திரி ரொம்ப நேரம் யோசித்தேன். அவன் சொல்றது சரிதான். ஆனா அந்த வாக்கியத்தை யார் சொல்றாங்க பாருங்க. துணிக்குச் சொந்தக்காரர் சொல்றார், 'மேல கிடைக்கிறது உனக்கு'ன்னு. தகாஃபுலில் அதைச் சொல்வது துணி விற்கப் போகிறவர். கூலி எவ்வளவு என்று அவரே முடிவு பண்றார், உபரியில் பங்கு எவ்வளவு என்று அவரே எழுதறார், அச்சடிச்சுக் கொண்டுவந்து நீட்டறார். துணிக்காரன் கையெழுத்து மட்டும் போடறான். அதுவும் ரோட் டாக்ஸ் நாளைக்கு முடியுதேங்கிற அவசரத்துல.

நான் சொல்ல வந்தது இதுதான். ஊக்கத்தொகை ஆகுமா ஆகாதா என்று அறிஞர்கள் வாதாடட்டும். எனக்கு உறுத்துவது அது இல்லை. முதலாளி என்று பெயர் கொடுக்கப்பட்ட ஆளுக்கு முதலாளிக்குரிய எந்த அதிகாரமும் இல்லை என்பதுதான். நான் விலகலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனா நான் விலகினாலும் வகீல் அதே நாற்காலியில் இருப்பார், நிதியும் அவர் கையில்தான் இருக்கும். நிதியில் பணம் போட்ட ஆயிரக்கணக்கான பேரும் சேர்ந்து கூடினால்கூட வகீலை மாற்ற வழியில்லை. இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுப்பது பங்குதாரர்கள். பாலிசிதாரர்களே உரிமையாளர்களாக இருக்கும் பழைய பரஸ்பர இன்சூரன்ஸ் சங்கங்களில் அவர்களுக்கு ஓட்டு உண்டு. பேச்சில் அவற்றைவிட ஒரு படி மேலே நிற்கும் தகாஃபுலில் ஓட்டு இல்லை.

கூலி வாங்கும் விதத்திலும் சிக்கல் இருக்கிறது. கட்டும் தொகையில் சதவீதம் என்றால் வகீலுக்கு ஆர்வம் ஆள் சேர்ப்பதில்தான் இருக்கும், நிதியைக் காப்பதில் இல்லை. உபரியில் பங்கு என்றால் ஆர்வம் க்ளெய்மைக் குறைப்பதில் போய் நிற்கும். ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது முதலாளியாகிய நான்.

எதிர்வாதத்தையும் வைக்கணும். நிதியில் பற்றாக்குறை விழுந்தால் கம்பெனி தன் பணத்திலிருந்து வட்டியில்லாக் கடன் (கர்த்) கொடுத்துத் தாங்க வேண்டியிருக்கு. சாதாரண வகீலுக்கு இந்தப் பாரம் கிடையாது. நஷ்டத்தைத் தாங்கத் தயாராக முதலைக் கட்டி வைத்திருப்பவன் உபரியில் கொஞ்சம் கேட்டால் என்ன என்பார்கள். வாதத்தில் பலம் இருக்கு. ஆனா அப்படியானால் அவர் வெறும் வகீல் இல்லை, பாதி ஜாமீன்தாரர். அதைப் படிவத்தில் சொல்லி, அதற்கு இவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அமானிதக்காரர் என்ற மரியாதையும் வேண்டும், முதலாளிக்குரிய மிச்சமும் வேண்டும் என்றால் எப்படி?

நான் பெரிசா ஒண்ணும் கேக்கலை. நிதியில் இந்த வருஷம் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு மிஞ்சியது, அதில் நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்று பணம் போட்டவனுக்கு ஒரு பக்கத்தில், புரிகிற மொழியில் அனுப்புங்கள். உபரிப் பங்குக்குச் சம்மதத்தைத் தனியாகக் கேளுங்கள், மத்த ஷரத்துகளோட சேர்த்து அமுக்காதீங்க. பணம் போட்டவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு ஆளையாவது அந்த மேசையில் உட்கார வையுங்கள். வட்டி இல்லாமல் நடத்திக் காட்டினவர்களுக்கு இதுவா கஷ்டம்?

ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட போன்ல இதெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டார். கடைசில, "அதெல்லாம் சரிடா, அந்தக் கம்பெனிக்காரன் உனக்கு ஏதாச்சும் ஆனா வீடு தேடி வருவானா?"ன்னார்.

பதில் சொல்லத் தெரியலை. அடுத்த வருஷமும் தகாஃபுல்தான் எடுப்பேன்னு நினைக்கிறேன். அந்த யோசனை எனக்குப் பிடிச்சிருக்கு. அதனாலதான் இவ்வளவு கேள்வி. எனக்காக வக்காலத்து வாங்கறேன்னு காசு வாங்கினவர் யாருக்காகப் பேசறார்னு கேக்கறது கட்சிக்காரனோட உரிமை இல்லையா?

இந்தத் துறையில் வேலை பார்க்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் வந்து திட்டிட்டாவது போங்க. தப்பா எழுதியிருந்தா திருத்திக்கிறேன்.