நம் வாழ்வுக்கு ஒரு திரை



மதரஸாவில் பாடம் நடத்துவோர் திரைப்படம் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். உருவப்படம், இசை, கேளிக்கை ஆகியவை குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளை நாம் அறிவோம். அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்வது இங்கு நம் நோக்கமன்று. நாம் கேட்பது வேறொன்று. ஓர் ஏழை முஸ்லிமின் வாழ்வை நேர்மையாகக் காட்டிய தமிழ்ப்படம் ஒன்று உலக விழாக்களில் திரையிடப்பட்டது. கிள்ளையிலும் சிதம்பரத்திலும் நம்மவரில் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. இது எப்படி நேர்ந்தது?

‘நசீர்’ என்பது அப்படத்தின் பெயர். கோவையைச் சேர்ந்த அருண் கார்த்திக் இயக்கியது. குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட தமிழ் எழுத்தாளர் திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’ அதற்கு மூலம். நசீராக நடித்தவர் நம் பக்கத்துப் புதுச்சேரியின் நாடக இயக்குநர் குமரன் வளவன். கோவையில் புடவைக் கடையில் வேலை பார்க்கும் ஒருவரின் ஒரு நாள்தான் படம். வீட்டில் நோயுற்ற தாய் இருக்கிறார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை ஒருவன் இருக்கிறான். மனைவி சில நாள்களுக்கு ஊருக்குப் புறப்படுகிறார். நசீர் கவிதையும் எழுதுகிறார். தெருவில் ஒலிபெருக்கி வெறுப்பைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நாள் எப்படி முடிகிறது என்பதை இங்கு விவரிக்க மனம் வரவில்லை. 2020ஆம் ஆண்டு ராட்டர்டாம் விழாவில் அதற்கு நெட்பேக் விருது கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதம், ஊரடங்குக் காலத்தில், ‘வீ ஆர் ஒன்’ என்ற இணைய விழாவின் வழியே யூடியூபில் காட்டப்பட்டது. எம் வட்டாரத் திரையரங்கு எதிலும் அதன் சுவரொட்டியை நாம் கண்டதில்லை.

திரையரங்கு என்பது பொதுச் சத்திரமன்று. விநியோகத்திற்காகத் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் பழைய தென்னாற்காடு, வடாற்காட்டோடும் செங்கல்பட்டோடும் சேர்ந்த ஒரு ஏரியா. அந்த ஏரியாவுக்கு வாங்குவோர் இல்லையென்றால் படம் இங்கு வராது. பெயர் பெற்ற நடிகர் இல்லாத படத்தை யார் வாங்குவார்? தயாரிப்பாளரே துணிந்து வெளியிட்டாலும், டிஜிட்டல் புரொஜெக்டர் வைத்துள்ள நிறுவனங்களுக்குத் திரைக்கு இவ்வளவு, வாரத்திற்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தவேண்டும். இக்கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் முதல் தேதி தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மாதம் புதுப்படமே வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் போராடினார்கள். பெரிய படத்திற்கு அது சில்லறைச் செலவு. சிறிய படத்திற்கோ அதுவே மொத்த முதலைத் தின்றுவிடும். இவற்றையெல்லாம் கடந்து வந்தாலும் வெள்ளிக்கிழமை பகல் காட்சி ஒன்றே கிடைக்கும். (அந்நேரம் நம் இளைஞர்கள் ஜும்ஆவில் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும்.) திங்கட்கிழமை கூட்டம் இல்லையென்று அதையும் எடுத்துவிடுவார்கள்.

பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாமின் டைகர் விருதையே வென்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் சென்றது. தமிழ் மக்களுக்கு அது 2023 அக்டோபரில் சோனி லிவ் வழியாகவே வந்து சேர்ந்தது. அவருடைய அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்டில் திரையரங்கிற்கே வந்தது. விழாக்களுக்குச் சென்ற இத்தகைய படத்தை வெகுமக்கள் படங்களோடு போட்டிக்கு விட்டிருக்கக்கூடாது என்று இயக்குநர் அமீர் கருத்துரைத்தார். வணிகம் அறிந்தவரின் பேச்சு அது; அதில் உண்மையும் உண்டு. ஆயினும் நாம் அதை ஏற்கவில்லை. எளியோரின் கதை எளியோர் செல்லும் அரங்கிற்கு ஆகாது என்றால், அது வெளிநாட்டு விழாக்காரர்களின் சொத்தாகவே முடியும்.

இங்கே நம் சமுதாயத்தின் பக்கமும் திரும்பவேண்டும். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வெளிவர இருந்தபோது நம் அமைப்புகள் ஒன்றுகூடின. அரசு தடை விதித்தது, வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது, சில காட்சிகளில் ஒலி நீக்கவும் திருத்தவும் உடன்பட்ட பின்னரே பிப்ரவரி 7ஆம் தேதி படம் வெளியானது. அது சரியா தவறா என்பதைப் பத்தாண்டு கடந்து இப்போது விவாதிக்கவேண்டாம். நம்மைத் தீவிரவாதியாகக் காட்டும் படத்தைத் தடுக்க இத்தனை ஆற்றல் இருந்ததென்றால், நம்மை மனிதராகக் காட்டிய படத்திற்காக நூறு பேர் திரண்டு ஒரு காட்சியேனும் கேட்டிருக்கலாமே! சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ‘நசீர்’ நம் பொருட்டுப் பிறர் சொன்ன சாட்சியம்.

கேரளத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1984இல் கோழிக்கோட்டில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பணம் திரட்டி ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்தார்கள். மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா ஆகிய அரங்குகளை அரசு நிறுவனமே நடத்துகிறது. தமிழ்நாட்டில் அத்தகைய ஏற்பாடு வேரூன்றவில்லை.

எம் கிள்ளைக்கே ஒரு படம் தகும். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி ஊர்வலம் இங்கு வருகையில் தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்கும் வழக்கம் தலைமுறைகளாக நீடிக்கிறது. அகீதா அடிப்படையில் அதில் எம்மவர்க்கே மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனால் இவ்வூரார் அண்டை வீட்டாராக வாழ்ந்த வரலாற்றை யாரும் மறுப்பதற்கில்லை. நாளை ஓர் இளைஞன் அதைப் படமாக்கினால், சிதம்பரத்தில் எந்த அரங்கு அதற்குக் கதவு திறக்கும்?

ஆகவே ஜமாஅத்துகளுக்கு நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. நிக்காஹ் மஹால்கள் ஆண்டில் பாதி நாள்கள் பூட்டியே கிடக்கின்றன. உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அவர் கேட்கும் தொகையைக் கொடுத்து, இஷாவுக்குப் பின் ஓர் இரவு ‘நசீர்’ படத்தைத் திரையிடலாம். பெண்களுக்குத் தனி இருக்கை, பிற சமயத்து அண்டை வீட்டாருக்கு அழைப்பு, படம் முடிந்தபின் அரை மணி நேரம் பேச்சு. டெலிகிராமில் கிடைக்கும் திருட்டுப் பிரதி வேண்டாம். பிறர் உழைப்பைத் திருடி நம் வேதனையைப் பார்ப்பதில் என்ன நியாயம்? செலவைப் பற்றிக் கேட்போருக்கு ஒரு சொல்: ஒரு வலீமாவின் மேடை அலங்காரத்திற்கு ஆகும் பணத்தைவிட இது குறைவாகவே முடியும் என்று நினைக்கிறோம்.