கோப்பையை விடப் பெரியது

1914-15 ஸ்காட்லாந்து கால்பந்து லீக்கில் எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணி முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றது. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் முதல் உலகப் போர் தொடங்கியிருந்தது. போருக்குப் போகாமல் பந்து விளையாடுகிறார்களே என்று ஊர் தூற்றியது. கோழைகளுக்குத் தரும் வெள்ளை இறகை அணியின் பெயரோடு சேர்த்துப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்கள். நவம்பரில் ஹார்ட்ஸ் வீரர்கள் ஜார்ஜ் மெக்ரே திரட்டிய பட்டாலியனில் சேர்ந்தார்கள். மொத்தம் 16 பேர். இரவில் ராணுவ நடைப்பயிற்சி, சனிக்கிழமை லீக் ஆட்டம். ராணுவத்தில் போட்ட தடுப்பூசியின் அசதியும் கால் கொப்புளங்களும் ஆட்டத்தைத் தின்றன. கடைசியில் செல்டிக் அணி நான்கு புள்ளிகள் கூடுதலாகப் பெற்று முதலிடம் பிடித்தது. 1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளில் மட்டும் ஹார்ட்ஸ் வீரர்கள் மூவர் மாண்டார்கள். போர் முடிவதற்குள் ஏழு பேரை இழந்தது கிளப். எடின்பரோவின் ஹேமார்க்கெட் பகுதியில் 1922இல் எழுப்பிய நினைவுத்தூணுக்கு ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். நல்ல மரபுதான். ஆனால் அஞ்சலி மட்டும் போதாது. தானே களத்துக்குப் போகாதவன் இன்னொருவனைக் கோழை என்று ஏசுவது தேசபக்தி ஆகாது. எந்த நாட்டில் போர் வந்தாலும் இளைஞர்களை இப்படி வெட்கப்படுத்தி அனுப்பும் கூட்டம் கிளம்பிவிடுகிறது. அதன் வாயை அடைப்பதே அந்த ஏழு பேருக்கும் நாம் செய்யும் உண்மையான மரியாதை.