போர்டு போடப் போகிறீர்களா?



முன்னறையில் டெய்லரிங், மாடியில் டியூஷன், கார் ஷெட்டில் இட்லி மாவு என்று வீட்டிலேயே தொழில் தொடங்குகிறவர்கள் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். லோன் எங்கே கிடைக்கும், மெஷின் எது நல்லது என்று பத்து பேரிடம் விசாரிப்பார்கள். பெயர்ப் பலகையைப் பற்றி மட்டும் யாரிடமும் விசாரிப்பதில்லை. அது கடைசி நாள் வேலை. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பியோ வீட்டுக்காரரோ பிளெக்ஸ் கடைக்கு ஓடி, "காலையில வேணும்ணே" என்று சொல்லிவிட்டு வருவார்.

அந்த அவசரத்துக்குப் பிளெக்ஸ்தான் கைகொடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேற்குப் பார்த்த சுவரில் மாட்டிய பிளெக்ஸ் ஒரு கோடையைக் கடந்ததும் எப்படி இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பழைய பியூட்டி பார்லர் போர்டுகளில் மணப்பெண் நீல முகத்தோடு சிரிக்கிறாள்.

விலையைப் பார்ப்போம். பத்துக்கு மூன்று அடி போர்டு, முப்பது சதுர அடி. சதுர அடிக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 450 ரூபாய். அடடா, இவ்வளவுதானா என்று தோன்றும். பிறகுதான் இரும்புச் சட்டம், வெல்டிங், வண்டி வாடகை, ஏணி வைத்து மாட்டும் கூலி என்று ஒவ்வொன்றாக வரும். பிரின்ட்டைவிட இவைதான் பெரிய செலவு. வெளுத்ததும் புதுப் பிரின்ட், மறுபடி அதே ஏணி, அதே கூலி. ஆகவே 'சதுர அடி எவ்வளவு' என்பதோடு நிறுத்தாதீர்கள். மாட்டி முடிக்க மொத்தம் எவ்வளவு, எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டு, முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். மலிவு எது என்பது அப்போது மாறிப்போகும்.

சின்னக் கடைக்கு என்னுடைய ஓட்டு, தகரத்தில் கையால் எழுதும் போர்டுக்குத்தான். ஜி.ஐ. ஷீட்டில் பிரைமர் அடித்து, எனாமல் பெயின்டில் எழுதினால் பல வருஷம் நிற்கும். மங்கினால் அதன் மேலேயே திரும்ப எழுதலாம். பிளெக்ஸ் வந்தபிறகு எத்தனையோ ஆர்ட்டிஸ்டுகள் தொழிலை விட்டுவிட்டார்கள், உண்மைதான். ஆனாலும் விசாரித்தால் உங்கள் ஊரில் ஒருவராவது கிடைப்பார்.

கொஞ்சம் பளிச்சென்று வேண்டும் என்றால் ஏ.சி.பி. ஷீட். நடுவில் பிளாஸ்டிக், இருபுறமும் மெல்லிய அலுமினியத் தகடு. துருப்பிடிக்காது. இது பெரும்பாலும் எட்டுக்கு நான்கு அடி ஷீட்டாக வருகிறது. எட்டுக்கு இரண்டு அடி போர்டு போட்டால் சரியாகப் பாதி ஷீட். ஒன்பது அடி நீளம் கேட்டால் ஒட்டுப் போட வேண்டும். அந்த ஒட்டுக் கோடு உங்கள் கடைப் பெயரின் நடுவே ஓடும். சுவரை அளந்த கையோடு ஷீட்டின் அளவையும் கேட்டுக்கொண்டால் காசும் மிச்சம், கோடும் இல்லை. சன் போர்டு என்கிற ஃபோம் ஷீட் உள்ளே மாட்ட மட்டும் நல்லது. வெயிலில் வளைந்துவிடும்.

அடுத்தது டிசைன். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். கடைப் பெயர், 'புரொப்ரைட்டர்' பெயர், மூன்று போன் நம்பர், குலதெய்வம், பேரக் குழந்தையின் போட்டோ, இன்டர்நெட்டில் எடுத்த தையல் மெஷின் படம், 'எங்களிடம்' என்று ஆரம்பித்து எட்டு வரி. பைக்கில் போகிறவர் இதில் எதைப் படிப்பார்?

பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குலம் என்பது எழுத்தின் உயரத்துக்குப் பழைய கணக்கு. ஐம்பது அடி தள்ளி எதிர்ச் சாரியிலிருந்து சிரமமில்லாமல் தெரிய வேண்டுமானால் ஐந்து அங்குலம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்பியதும் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் நம் வழக்கம். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயரும் என்ன தொழில் என்பதும் அப்போதும் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் குழந்தை போட்டோவை எடுத்துவிடுங்கள். பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

போர்டில் தமிழ் இருப்பது விருப்பம் மட்டுமல்ல, விதியும்கூட. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-இன் 15-வது விதிப்படி பலகையில் தமிழ் இருக்க வேண்டும். வேறு மொழிகள் அதற்குக் கீழேதான். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அரசு சொல்லும் கணக்கு.

ஆனால் தமிழ் எழுத்துக்கு இடம் கூடுதலாக வேண்டும். சுழி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் இருக்கிறதே! ரொம்பத் தடித்த எழுத்தில் 'ண', 'ஐ' போன்றவற்றின் சுழி அடைபட்டுத் தூரத்தில் வெறும் திட்டாகத் தெரியும். மிதமான தடிமன் போதும். பலூ தம்பி, முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடைக்காரரிடம் பெயர் சொல்லியே கேட்கலாம்.

பிழை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைதான். நீங்கள் போனில் தட்டி அனுப்பியது அங்கே போனதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கலாம். வீட்டில் இதுவரை டிசைனைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் 'ஓகே' என்று அனுப்பிவிட்டால் அதற்கப்புறம் பிழை உங்களுடையது, காசும் உங்களுடையது.

அக்ரிலிக்கில் எம்பிய எழுத்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் புள்ளி தனித் துண்டு. வெறும் பசையில் நிற்கும் புள்ளி ஒரு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும், 'டெய்லர்ஸ்' 'டெய்லரஸ' ஆகிவிடும். புள்ளியை எப்படிப் பொருத்துகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

லைட் போட்டால் கரன்ட் பில் ஏறுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு வாட் எல்.இ.டி. மாட்யூல் முப்பது, தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு நாலரை யூனிட்தான். பெரும்பாலும் கெட்டுப்போவது லைட் அல்ல, அதற்கு 12 வோல்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. அதை மழை படாமல் கடைக்குள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

மாட்டுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம் பெண் ஒருவர் மேல் பேனர் சரிந்ததும், பின்னால் வந்த லாரி ஏறியதும் யாருக்கு மறந்திருக்கும்? உங்கள் போர்டின் கீழும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதாக இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஸ்டிக்கர் கட்டிங் மெஷின் வைத்து வீட்டிலேயே இந்தத் தொழிலைச் செய்கிற வாசகிகளும் இருக்கிறீர்கள். நீங்களும் சதுர அடிக் கணக்கிலேயே விலை சொல்லி ஏமாறாதீர்கள். ஆங்கில எழுத்தை உரித்தெடுப்பதைவிடத் தமிழ் எழுத்தின் சுழிகளை ஒவ்வொன்றாக உரித்தெடுக்க நேரம் அதிகம். அந்த நேரம் சதுர அடியில் வராது. ஷீட், கழிவு, உங்கள் கை வேலை, போய் ஒட்டும் கூலி என்று பிரித்துக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். டிசைனுக்குத் தனியாக வாங்குங்கள், பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மெஷினைத் தொடுங்கள். வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: ஷீட் விலையில் பேரம் பேசாத நாம் எழுதுகிறவரின் கூலியில் மட்டும் நூறு ரூபாய் குறைக்கச் சொல்வது என்ன நியாயம்?

பேரம் பேசாவிட்டாலும், மீதிப் பணத்தை மட்டும் பகலில் கொடுத்துவிடாதீர்கள். இருட்டும் வரை பொறுத்து, லைட்டைப் போடச் சொல்லி, எதிர்ப் பக்கம் போய் நின்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு எண்ணிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்