வளர்ச்சியை மடிப்பில் வையுங்கள்

மே மாதக் கடைசியில் பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் சீருடை எடுக்க வரும் குடும்பங்கள் கடைக்காரரிடம் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "வளர்ற புள்ளை, ரெண்டு சைஸ் பெருசாவே குடுங்க." ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேரும் பிள்ளை என்றால் இந்த வாக்கியம் இன்னும் அழுத்தமாக வரும். அரைக்கால் சட்டை போய் பேன்ட் வருகிறது. பினஃபோர் போய் ஸ்கர்ட்டோ சுடிதாரோ வருகிறது. நிறமும் மாறிவிடுவதால் பழைய உடுப்பில் எதுவும் கைகொடுக்காது. ஒரே மூச்சில் இரண்டு மூன்று செட் எடுத்தாக வேண்டும்; எடுத்தது இரண்டு வருடமாவது வர வேண்டும். இந்த எதிர்பார்ப்பில் தவறே இல்லை. அதை நிறைவேற்ற நாம் பிடித்திருக்கும் வழிதான் தவறு. பிள்ளையின் வளர்ச்சிக்கான இடத்தைச் சட்டையின் தொளதொளப்பில் வைக்கக் கூடாது, தையலின் உள்மடிப்பில் வைக்க வேண்டும். அப்படி வைத்துத் தைத்துத் தரும் பொறுப்பு, கடையில் நின்று கணக்குப் போடும் தாயைவிடப் பள்ளிக்கும் தைப்பவருக்கும்தான் அதிகம்.

ஆறாம் வகுப்பில் சேரும் வயது 11. பூப்புப் பருவத்தின் துரித வளர்ச்சி தொடங்கும்வரை ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயரும். அதாவது 2 அங்குலம், அல்லது கொஞ்சம் கூட. துரித வளர்ச்சியின் உச்சத்தில் பெண் பிள்ளைகள் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் அளவுக்கும், ஆண் பிள்ளைகள் 9, 10 சென்டிமீட்டர் அளவுக்கும் உயர்கிறார்கள். அந்த உச்சம் பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டு வருடம் கழித்தும் வருகிறது. ஆகவே ஒரே வகுப்பில் படிக்கும் ஒரு பையன், ஒரு பெண் இருவரில், பெண் இந்த வருடமே வேகமாக வளர்ந்துகொண்டிருப்பாள். பையனுக்கு அது எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோதான். இருவருக்கும் "ரெண்டு சைஸ் பெருசு" என்ற ஒரே விதி எப்படிப் பொருந்தும்? வளர்ச்சிக்கு ஒரு வரிசையும் உண்டு. பாதமும் கையும் முந்திக்கொள்ளும், பிறகு கால்கள் நீளும், உடல் கடைசியில்தான் நீளும்; பையன்களின் தோள் அகலுவதும் பின்னால்தான். பேன்ட்டின் நீளம் முதலில் பற்றாமல் போவதும், சட்டை அதற்குப் பிறகும் வெகுநாள் தாங்குவதும் இதனால்தான். இரண்டு எண் பெரிய சட்டை, இந்த வருடம் வரப்போகாத தோளுக்காக எடுத்து வைத்த சட்டை.

கடையில் சொல்லும் 26, 28, 30 என்ற எண்கள் இரண்டிரண்டாக ஏறுபவை. எண் ஏறும்போது நீளம் மட்டும் ஏறுவதில்லை. மார்புச் சுற்று, தோள், கழுத்து, கையின் வாய் எல்லாமே சேர்ந்து பெரிதாகின்றன. ஒரு எண் கூடுதல் என்பது பிள்ளைக்குத் தேவையான தாராளம். இரண்டு எண் என்றால் தோள் தையல் புஜத்தில் வந்து விழும், கை விரல்வரை மூடும், பெல்ட்டுக்குள் துணி சுருண்டு கிடக்கும். அந்த எண்ணும் கடைக்குக் கடை ஒன்றாக இருப்பதில்லை. இந்தியர்களின் உடலளவுக்கென்று ஒரு பொது அளவுப் பட்டியல் உருவாக்க தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு எடுத்துக்கொண்ட 'இந்தியா சைஸ்' திட்டம், ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்க இலக்கு வைத்தது. அதன் வயது வரம்பு 15 முதல் 65 வரை. ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. எனவே எண்ணை நம்பி, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்து சீருடை எடுப்பது வீண். பிள்ளை கூடவே வர வேண்டும், போட்டுப் பார்க்க வேண்டும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா, இரண்டு கையையும் தூக்கினால் சட்டை இடுப்பைவிட்டு ஏறுகிறதா, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தொடை பிடிக்கிறதா, புத்தகப் பையை மாட்டினால் கழுத்து இழுக்கிறதா என்று பார்த்தால் போதும். நீளத்தைப் பிறகு கூட்டலாம், குறைக்கலாம். தோளைத் திருத்துவது தையற்காரருக்கே பெரிய வேலை. தோளைப் பார்த்து எடுங்கள் என்பதுதான் முதல் விதி.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரிதாக எடுப்பதற்குப் பல தாய்மார்களுக்குக் காசு மட்டும் காரணமில்லை. உடம்பு மாறும் வயதில் மகள் கூச்சமில்லாமல் நடமாட வேண்டும் என்ற கவலை. அந்தக் கவலை முற்றிலும் சரியானது. மார்பில் பிடிக்கும் வெள்ளைச் சட்டைக்குள் ஒரு பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு, பையை முன்னால் அணைத்துக்கொண்டு, விளையாட்டு பீரியடில் ஓரமாக நின்றுவிடுவாள். ஆனால் இரண்டு எண் பெரிய சட்டை அவளைக் காப்பாற்றுவதில்லை. கழுத்து இறங்கும், கை தூக்கினால் அக்குள் பக்கம் திறந்து நிற்கும், குனிந்தால் முன்பக்கம் தொங்கும். அவளுக்கு வேண்டியது தோளில் பொருந்தி, மார்பில் தாராளம் விட்டு, இரண்டு பக்கத் தையலிலும் ஒரு அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைத்த சட்டை. வருட நடுவில் பிடிக்கத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் பிரித்து விட்டுவிடலாம். ஆயத்த சட்டைகளில் பலவற்றில் பக்கத் தையலுக்குள் பிரித்துவிடத் துணியே இருப்பதில்லை.

இது நமக்குப் புதிய யோசனையும் இல்லை. வளரும் பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை எடுக்கும்போது டக்கு வைத்துத் தைப்பது தமிழ்நாட்டு வீடுகளின் பழக்கம். இடுப்பு அவள் அளவு, நீளம் அவள் அளவு. எதிர்காலம் டக்குக்குள் இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டக்கைப் பிரித்துவிடுவார்கள். வருடத்தில் ஓரிரு நாள் உடுத்தும் பாவாடைக்குச் செய்யும் இந்த ஏற்பாட்டை, வாரம் ஐந்தாறு நாள் உடுத்தும் சீருடைக்குச் செய்யாமல் விட்டுவிட்டோம். இத்தனைக்கும் பெரம்பூர் சீருடைத் துணியால் பிழைத்த ஊர். 1876இல் தொடங்கிய பக்கிங்காம் மில்லும் 1881இல் வந்த கர்னாட்டிக் மில்லும் பின்னர் ஒன்றாகி, பி அண்ட் சி மில் என்ற பெயரில் 1996இல் மூடப்படும்வரை இங்கே இயங்கின. அங்கே நெய்த காக்கி டிரில் துணி நாடெங்கும் சீருடையாக நடமாடியது. ரயில்வே பணிமனைகளும், 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்பும், துறைமுகமும் இருக்கும் வடசென்னையில் சீருடை போடாத வீடே குறைவு. அரசு ஊழியருக்கு வெகுகாலம் சீருடை என்பது துணியும் தையற்கூலியுமாகத்தான் கிடைத்தது; ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலை முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு அது உடைப்படியாக மாறியது. எப்படியானாலும் வளர்ந்து முடிந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. வருடத்துக்கு 2 அங்குலம் வளரும் உடம்புக்குத்தான் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு எண்ணை எடுத்து நீட்டுகிறோம்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது காசு பற்றியது. தினக்கூலியில் ஓடும் வீட்டில் பெரிதாக எடுப்பது ஒன்றே பாதுகாப்பு, பொருத்தம் பார்ப்பதெல்லாம் வசதிப்பட்டவர் பேச்சு என்பார்கள். இதைக் கணக்கால்தான் பார்க்க வேண்டும். பள்ளி நடப்பது வருடத்தில் 200 நாளுக்குக் குறையாது. இரண்டு செட் மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொரு செட்டும் 100 முறை துவைபடும், கல்லில் அடிபடும், வெயிலில் காயும். ஒரு வருடத்தில் காலர் தேயும், முழங்கால் வெளுக்கும், உட்காரும் இடம் மெலியும். இரண்டு எண் பெரிய சட்டை உடம்புக்குச் சரியாகும் காலத்தில் அது பழசாகியிருக்கும். புதிதாக இருந்தபோது பொருந்தவில்லை, பொருந்தும்போது நைந்துவிட்டது. கொடுத்த காசுக்கு அந்தப் பிள்ளை ஒரு வருடம்கூட நன்றாக உடுத்தவில்லை. மடிப்பு வைத்த உடுப்போ முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பயன்படுகிறது. பேன்ட்டின் கால்களில் 3 அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருந்தால், துரித வளர்ச்சி தொடங்காத பையனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் தாராளமாக வரும். இந்த வழியால் அதிகப் பயன் அடைவதே ஏழை வீடுதான்.

மடிப்பைப் பிரித்தால் பழைய கோடு தெரியும், உள்ளே இருந்த துணியின் நிறம் மட்டும் பளிச்சென்று நிற்கும் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஒரே தடவையாக இரண்டு வருடம் கழித்துப் பிரித்தால் வேறுபாடு கண்ணை உறுத்தும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் அரை அங்குலம், ஒரு அங்குலமாக இறக்கினால் நிறம் ஓரளவு சேர்ந்தே வெளுக்கும். ஸ்கர்ட்டில் இடுப்புப் பட்டைக்கு அடியில் டக்கு வைத்தால் கோடு சட்டைக்குள் மறைந்துவிடும். அப்படியும் ஒரு கோடு தெரிந்தால் தெரியட்டும். வளர்ந்ததற்கான அந்தக் கோட்டை ஒழுங்கீனம் என்று எந்தப் பள்ளியும் சொல்லக் கூடாது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது என்று வந்த சீருடையில், கால் மடிப்பின் கோட்டைக் காட்டி ஒரு பிள்ளையை வரிசையில் தனியே நிறுத்துவது சீருடையின் நோக்கத்துக்கே விரோதம்.

தனியார் பள்ளிகளிடம் கேட்க வேண்டியது வேறு. பள்ளி வளாகத்திலோ, கைகாட்டும் ஒரே கடையிலோதான் வாங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருக்கும்வரை அளவு பற்றிய எந்த உரிமையும் பெற்றோருக்கு இல்லை. சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு 2017 ஏப்ரலிலேயே, புத்தகமும் சீருடையும் விற்கும் வேலையில் ஈடுபடாதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியது. தெருத் தையற்காரர் தைத்தால் நிறம் ஒன்றாக இருக்காது என்று பள்ளிகள் சொல்லும் காரணத்துக்கு எளிய பதில் உண்டு: துணியைப் பள்ளி தீர்மானிக்கட்டும், அதை மீட்டர் கணக்கிலும் கிடைக்கச் செய்யட்டும், தைப்பதைப் பெற்றோரிடம் விடட்டும். ஆயத்தமாக வாங்குபவர்களுக்கு, துவைக்காத உடுப்பை ஜூன் மாதம் முழுக்க வேறு அளவுக்கு மாற்றித் தரட்டும்.

அரசுப் பள்ளிகளில் நிலைமை மாறுபட்டது. நம்பிக்கையும் அங்கேதான் கூடுதல். 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு ஒரு செட் இலவசச் சீருடையாகத் தொடங்கியது, 2012-13 கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 4 செட்டாக உயர்ந்தது. தைப்பவர்கள் சமூக நலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். அரசே துணி கொடுத்து, அரசே தைக்கச் சொல்லும் இடத்தில் "காலில் 3 அங்குலம், பக்கத்தில் ஒரு அங்குலம் உள்ளே விடவும்" என்று ஒரு வரி சேர்ப்பது எந்த உற்பத்தியாளரிடமும் கெஞ்ச வேண்டிய காரியமில்லை. துணி கொஞ்சம் கூடும். அந்தச் செலவு நியாயமான செலவு. நான்கு செட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டை ஜூன் மாத அளவுக்கும், மீதி இரண்டை அரையாண்டுத் தேர்வையொட்டி மறுபடி அளந்தும் கொடுத்தால் பிள்ளை வருடம் முழுவதும் பொருத்தமான உடுப்பில் இருக்கும். சும்மா கிடைப்பதில் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அது மக்கள் வரிப்பணத்தில் பிள்ளைகளுக்கு உரிமையாகக் கிடைப்பது. பொருந்தாத உடுப்பைக் கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்யும் கூலியைக் கூலித் தொழிலாளியின் தலையில் வைத்தால் திட்டத்தின் பயன் குறைந்துபோகிறது.

அரசுப் பள்ளிப் பெற்றோர் தங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானமாக எழுத வையுங்கள். கடையில் வாங்குகிறவர்கள் விலை கேட்கும் முன் பேன்ட்டின் காலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே எத்தனை அங்குலம் விட்டிருக்கிறீர்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த மே மாதத்துக்குள் மடிப்பு வைத்த உடுப்பு கடைக்கு வந்துவிடும்.